மலையில் இருந்து படிக்க: நேரலையா, பதிவுப் பாடமா?

கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்துகொண்டு கல்லூரிப் பாடத்தை ஆன்லைனில் படிக்க இரண்டு வழி உண்டு. ஆசிரியரோடு நேரலை வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம், ஐஐடிகளின் என்பிடெல் போன்றவற்றில் முன்பே பதிவு செய்த பாடங்களைப் பார்க்கலாம்.

நேரலையில் சந்தேகத்துக்குக் கையோடு பதில் கிடைக்கும். அது பெரிய பலம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர்ப் பக்கம் மரம் சாய்ந்து கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும். சமன்பாட்டைப் பாதி எழுதிய நிலையில் ஆசிரியர் திரையில் உறைந்து நிற்பார். இணைப்பு திரும்பும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும்.

பதிவுப் பாடத்தில் இந்தத் தவிப்பு இல்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல்லில் வீடியோக்கள் இலவசம். சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் இரவு வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் இருக்கிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பொதுவாக அசைன்மெண்ட்டுக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75. தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். மலைப் பிள்ளைகளுக்கு இந்த அலைச்சலைக் குறைத்தே ஆக வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2021 விதிப்படி, ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். ஆகவே என் ஓட்டு பதிவுப் பாடத்துக்கே. அப்புறம், சந்தேகம் கேட்க மட்டும் வாரம் ஒரு நேரலை இருந்தால் போதும். அதையும் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும்.