அப்பர் கனடா வில்லேஜ்: டிக்கெட் எடுக்க முதல் மேட்டில் ஏறுங்கள்

ரொறன்ரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய நாலு மணித்தியாலம் ஓடினால் மொறிஸ்பேர்க். பக்கத்திலேயே, சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில், இந்தப் பழங்காலக் கிராமம். நாங்கள் நேரே டிக்கெட் எடுத்து உள்ளே போனோம், அது எங்கள் பிழை. முதலில் வெளியே இருக்கும் போர் நினைவு மேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

அந்த மேட்டைக் கட்டிய மண் ஜோன் கிரைஸ்லரின் காணிப் பக்கத்து மண். ஆள் நியூயோர்க்கில் பிறந்தவர், அமெரிக்கப் புரட்சியில் பொடியனாகவே பிரிட்டிஷ் பக்கம் நின்ற பட்லரின் படையில் முரசடித்தவர். மன்னர் பக்கம் நின்று தோற்றுப்போன குடும்பங்களோடு வடக்கே வந்து குடியேறி, விவசாயம், மர வியாபாரம், டன்டாஸ் தொகுதியின் சட்டசபை உறுப்பினர், மிலிஷியா அதிகாரி என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறார். பிறகு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 1812-இல் போர் மூண்டது, 1813 நவம்பர் 11 அன்று சண்டை அவருடைய வயலுக்கே வந்துவிட்டது. மொன்றியலைப் பிடிக்கப் புறப்பட்ட பெரிய அமெரிக்கப் படையை மொறிசன் என்ற பிரிட்டிஷ் தளபதி ஏறக்குறைய 900 பேரோடு அங்கே தோற்கடித்தார், கிரைஸ்லர் வீடுதான் அவருக்குத் தலைமையகம்.

வயலைத் தேடாதீர்கள். 1958-இல் கப்பல் பாதைக்காகவும் மின்சாரத்துக்காகவும் ஆற்றை மறித்தபோது அது தண்ணீருக்குள் போய்விட்டது. போர்க்களத்து மண்ணை அள்ளிக் குவித்து, 1895-இல் வைத்த நினைவுத்தூணை அதன்மேல் நிறுத்தினார்கள். மேலே நின்று ஆற்றைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

சரி, உள்ளே. கிராமம் காட்டுவது 1860களை, கிரைஸ்லரோ 1852-இலேயே காலமாகிவிட்டார். முகப்பில் தூண்கள் வைத்த செங்கல் வீடான கிரைஸ்லர் ஹோல் அவருடைய மகன் கட்டியது. "இதுக்குள்ளயா அப்பா சண்டை நடந்தது?" என்று மகள் கேட்டாள், அப்போதுதான் எனக்கே உறைத்தது, சண்டை கண்ட வீடு இது இல்லை, முதலில் அந்த மேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்று. அப்பன் கிரைஸ்லரின் மர வியாபாரத்தை உணர வேண்டுமென்றால் மரம் அரியும் ஆலைக்குப் போங்கள். நெட்டுக்கு நிற்கும் வாள் தண்ணீர் விசையில் மேலும் கீழும் போய் முழு மரத்தை மெல்ல மெல்லப் பலகையாக்குகிறது, அந்த அதிர்வு காலில் ஏறுகிறது. நான் அங்கேயே அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன்.

குதிரை இழுக்கும் படகு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கோடையில் போங்கள், நடக்கிற சப்பாத்து போடுங்கள், முழு நாள் வேண்டும். அப்புறம், விறகு அடுப்பில் சுட்ட பாண் விற்கிறார்கள், இரண்டாக வாங்குங்கள். எங்களுடையது திரும்பும் வழியில் கிங்ஸ்ரன் வரமுதலே முடிந்துவிட்டது.