பருவைக் கூட்டாத கருத்தடைக் குளிசை: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

கிளிநொச்சிப் பக்கத்தில் இரண்டு பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், குளிசை போட்டால் முகம் முழுக்கப் பரு வரும் என்ற பேச்சு வராமல் போவதில்லை. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே தாடையிலும் கன்னத்திலும் பரு வந்து கறுப்புத் தழும்பு விட்டுப் போகும் தோல் என்னுடையது. கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி, கிளினிக்கில் தரும் குளிசை, பாமசியில் காசு கொடுத்து வாங்கும் குளிசைகள் என்று பல வருடங்களாக ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்ததில், அந்தப் பேச்சு பாதி உண்மை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னர், உள்ளே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்க்க வேண்டும். பருவைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இளைய பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கையில் குச்சி வைத்தார்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பிரசவத்தின் பின் முதல் ஆறு வாரங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குளிசை கொடுக்கக் கூடாது. ஆறு மாதம் வரையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எனவே அந்த நேரத்தில் குச்சி சரியான தெரிவுதான். இரண்டு சிறிய குச்சிகள், ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல், ஐந்து வருடப் பாதுகாப்பு. கருத்தடை என்ற அளவில் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சில மாதங்களில் தாடையின் கீழ்ப்பக்கமாக, தொட்டாலே நோகும் ஆழமான கட்டிப் பருக்கள் வரத் தொடங்கின. ஒன்று வற்றும்போது பக்கத்தில் மற்றொன்று தலைகாட்டும். தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது.

லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்பது ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோனின் குடும்பத்திலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு புரொஜெஸ்டோஜன், அதாவது கருத்தடைக்குப் பயன்படும் மற்ற வகை ஓமோன். ஈஸ்ட்ரோஜன் துணையில்லாமல் தனியே உடலில் இருக்கும்போது, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும் ஆண் ஓமோன் தன்மை அதற்குச் சிறிதளவு உண்டு. பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரும் புரொஜெஸ்டோஜன் மட்டும் உள்ள குளிசைக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கும் பரு ஒரு பக்க விளைவாகச் சொல்லப்படுவதுண்டு. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றும் இல்லை. என் மச்சாள் அதே குச்சியை ஐந்து வருடமும் வைத்திருந்தார், முகத்தில் ஒரு பரு கிடையாது. 2013 இல் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு பகுதிகளில் போதிய விளக்கம் இல்லாமலே பெண்களுக்குக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்ததன் பின்னர், இங்கே குச்சி என்றாலே பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் குச்சியைக் காட்டிலும் விளக்கம் இல்லாமை என்பதே என் எண்ணம். வைப்பதற்கு முன்பே, பரு வரும் தோலா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் என்ன எதிர்பார்க்கலாம் என்று அறிந்திருப்பேன்.

பிள்ளை பால் மறந்த பிறகு குச்சியை எடுப்பித்து, கிளினிக்கில் தரும் சாதாரணக் குளிசைக்கு மாறினேன். அட்டையில் 28 குளிசைகள். 21 ஓமோன் குளிசைகள், கடைசி ஏழும் இரும்புச்சத்து. அட்டையின் பின்புறத்தில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எதினைல் ஈஸ்ட்ராடையோல் 0.03 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. குச்சியில் இருந்த அதே லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்பதால், இதுவும் முகத்தைக் கெடுக்கும் என்று சொல்லாதவர்கள் குறைவு. நடந்ததோ வேறு. முதல் இரண்டு மாதங்கள் பெரிய மாற்றம் இல்லை, ஓரிரு பரு கூடியது போலவும் இருந்தது. அதன் பின்னர் கட்டிப் பரு வருவது குறைந்து, அரை வருடம் ஆகும்போது மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் மட்டும் சிறு பருக்கள் என்ற நிலைக்கு வந்தது.

ஈஸ்ட்ரோஜன் சேரும்போது ஈரலில் ஒரு வகைப் புரதம் கூடுதலாக உற்பத்தியாகி, இரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; சூலகம் சுரக்கும் ஆண் ஓமோனும் குறைகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரலின் சிறிய கெடுதலை இந்த நன்மை மீறிவிடுகிறது. மருந்தில்லாத வெற்றுக் குளிசையோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும், ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டோஜனும் சேர்ந்த இந்த வகைக் கூட்டுக் குளிசை பருவைக் குறைத்ததாகவே காணப்பட்டது. இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்தது என்று எண்ணி, பலர் இதைப் பார்க்காமலே ஒதுக்குவது எனக்குக் கவலைதான்.

இடையில் ஒரு தோல் வைத்திய நிபுணரை யாழ்ப்பாணத்தில் சனல் செய்து பார்த்தபோது, சைப்ரோட்டரோன் அசிற்றேற் 2 மில்லிகிராமும் எதினைல் ஈஸ்ட்ராடையோல் 35 மைக்ரோகிராமும் உள்ள குளிசையை எழுதித் தந்தார். பருவை மட்டும் வைத்துச் சொன்னால், நான் பாவித்தவற்றில் இதுவே சிறந்தது. முகத்தில் எண்ணெய் வடிவதே நின்றது. ஆனால் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2013 இல் இதை மீளாய்வு செய்து, பூசும் மருந்தோ அன்ரிபயோற்றிக்கோ பலிக்காத, நடுத்தர அல்லது கடுமையான பருவுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று வரையறுத்தது. நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்தே காரணம். குளிசை எதுவும் எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்கு அப்படி உறையும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் கூட்டுக் குளிசையில் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் என்ற வேறு புரொஜெஸ்டோஜன்கள் உள்ள கூட்டுக் குளிசைகளில் 9 முதல் 12 பேர். சைப்ரோட்டரோனும் லெவோநோர்ஜெஸ்ட்ரலை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுதலான ஆபத்துள்ளது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்தும் உள்ள ஆபத்து இவை எல்லாவற்றிலும் பெரிது என்பதையும் சேர்த்தே இந்த எண்களை வாசிக்க வேண்டும். எங்கள் பகுதிக் குடும்பநல மிஸி எண் எதுவும் சொல்லவில்லை. “பிள்ளை, ஒரு கால் மட்டும் வீங்கி நோகுது, மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்குது எண்டால் வீட்டில இருந்து யோசிக்காதை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் குளிசையை நிறுத்துவித்தது இரத்த உறைவுப் பயம் அல்ல. கன்னத்து எலும்பின் மேல் மங்கு விழத் தொடங்கியது. ஈஸ்ட்ரோஜனும் வெயிலும் சேர்ந்தால் மங்கு வரும் என்பது தெரிந்த விடயம். அரிவு வெட்டுக் காலத்தில் வயலில் நிற்கும் ஒருத்தி வெயிலை எப்படித் தவிர்ப்பது? சண்கிறீமும் தொப்பியும் வாங்கிக்கொண்டேன், ஈஸ்ட்ரோஜன் அளவு குறைந்த குளிசைக்கும் மாறினேன். விலையும், பாமசியில் அது அடிக்கடி முடிந்துபோவதும் வேறு. இல்லாத நேரத்தில், கேட்காமலே வேறு கருத்தடைக் குளிசை ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தந்துவிடுவார்கள். வெட்கத்தில் பிரித்துப் பார்க்காமல் பையில் வைக்க வேண்டாம். அங்கேயே பிரித்து உள்ளடக்கத்தை வாசியுங்கள். முக்கியமாக டெசோஜெஸ்ட்ரல் என்ற பெயர் இரண்டு வேறு குளிசைகளில் வரும். 150 மைக்ரோகிராம் என்று போட்டு, கூடவே எதினைல் ஈஸ்ட்ராடையோல் இருந்தால் அது கூட்டுக் குளிசை, பருவுக்குப் பெரும்பாலும் நல்லது. 75 மைக்ரோகிராம் தனியே இருந்தால் புரொஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது. பருத் தோல் உள்ளவர்களுக்கு அது பருவைக் கூட்டவும் கூடும்.

ட்ரோஸ்பைரினோன் 3 மில்லிகிராம் உள்ள குளிசையைச் சிறிது காலம் எடுத்தேன். முகம் நன்றாகவே இருந்தது, உடம்பு ஊதியது போன்ற உணர்வும் இல்லை, ஆனால் மாதா மாதம் அந்தக் காசு கட்டுப்படியாகவில்லை. அது இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது என்பதால், சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில வகைப் பிறஷர் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தவர்களுக்கு இது வெறும் அச்சுறுத்தல் அல்ல.

உயர் பிறஷர், கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு இரத்தம் உறைந்த வரலாறு, மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குளிசை எதுவும் பொருந்தாது. பருவை அவர்கள் வேறு வழியில்தான் பார்க்க வேண்டும். காச நோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் குளிசையின் பலனைக் குறைக்கும். பருவுக்குத் தரும் டொக்ஸிசைக்ளின் குறைக்காது. மாதவிடாய் பிந்திப் பிந்தி வந்து, தாடையில் உரோமமும் முளைத்தால், குளிசையைத் தெரிவு செய்ய முன்பு சூலகத்தை ஸ்கான் செய்து பார்ப்பது நல்லது. வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அவற்றில் ஸ்ரீரோயிட் கலந்திருந்தால் அதுவே பருவைக் கிளப்பும், பழி குளிசையின் மேல் விழும்.

இப்போது மீண்டும் கிளினிக் குளிசையில்தான் இருக்கிறேன். இரவில் பருவுக்கான அடப்பலீன் ஜெல் மெல்லிசாகப் பூசுகிறேன். கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள் அதைப் பூச வேண்டாம். வயது ஏறி, பிறஷரும் ஏறினால் கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்புக்கு மாறுவதென்று மிஸியோடு பேசி வைத்திருக்கிறேன். பத்து வருடம் வரை இருக்கும், ஓமோன் இல்லாததால் பருவைக் கூட்டாது. குளிசை தந்த குறைப்பும் அதோடு போய்விடும், மாதவிடாயும் சற்று அதிகமாகப் போகக்கூடும் என்பதால், ஜெல்லையும் இரும்புச்சத்துக் குளிசையையும் அப்போதும் தொடர வேண்டியிருக்கும்.