பஸ் ஏறிப் போகும் கோளரங்கமா, பள்ளிக்கே வரும் கோளரங்கமா?

பிள்ளைகளுக்குக் கோளரங்கம் காட்ட நினைக்கும் பள்ளிகளுக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. பஸ் பிடித்துச் சென்னை கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்துக்குப் போகலாம். இல்லையென்றால், காற்றடைத்து நிமிர்த்தும் நடமாடும் கோளரங்கத்தைப் பள்ளிக்கே வரவழைக்கலாம். செஞ்சிப் பக்கத்திலிருக்கும் எங்கள் பள்ளியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம். நான் இரண்டாவதன் பக்கம்.

முதலில் சென்னைக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 1988இல் திறந்த அரங்கம் அது. இருநூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்காரலாம். விளக்கு அணைந்து, தலைக்கு மேல் அவ்வளவு பெரிய கவிகை முழுக்க நட்சத்திரம் நிறையும்போது, வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பையன்கூட வாயடைத்துப் போகிறான். அந்தப் பிரமாண்டம் ஐந்தாறு மீட்டர் அகலக் கூடாரத்தில் வராது. கூடாரத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். இருட்டும் முழு இருட்டாக இருக்காது. சென்னையில் அதே வளாகத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் சென்னைப் பயணம். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

செலவு, அலைச்சல், விடிகாலைப் புறப்பாடு, மகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் பற்றியெல்லாம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: வானத்தை நடுவில் நிறுத்த முடிகிறதா?

பெரிய அரங்குகளில் பெரும்பாலும் முன்பே தயாரித்துப் பதிவுசெய்த காட்சிதான் ஓடும். அழகாக இருக்கும், குரலும் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அது நிற்காது. வியாழனைத் தாண்டிச் சனிக்குப் போய்விடும். நடமாடும் கோளரங்கத்தில் விளக்குபவர் பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு மடிக்கணினி. அதில் பெரும்பாலும் ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருள். ஊர், தேதி, மணி மூன்றையும் கொடுத்தால் அந்த நேரத்து வானம் மேலே விரிகிறது. எங்கள் ஊரின் இன்றிரவு எட்டு மணி வானம்!

எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் ஜன்ம நட்சத்திரம் தெரியும். கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது. அதை வானத்தில் பார்த்தவர்கள் மட்டும் அநேகமாக யாரும் இல்லை. கூடாரத்துக்குள் ஒரு பெண், "அண்ணா, என் நட்சத்திரம் கேட்டை. அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். பிப்ரவரி மாதம், மாலை வானத்தில் கேட்டை கிடையாது. அவர் நேரத்தை ஓட்டினார். வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டம் மேற்கே சாய்ந்தது. நள்ளிரவு தாண்டி விருச்சிகம் கிழக்கே எழுந்தது. காலை ஐந்து மணிக்குத் தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை. அங்கே நிறுத்தினார். பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது என்று நான் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! அது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அப்புறம் ரோகிணி, திருவாதிரை, கார்த்திகை என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

துருவ நட்சத்திரத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர் அட்சரேகை ஏறக்குறைய 12 பாகை. ஆகவே அது வடக்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகையில்தான் நிற்கும். தென்னை மரமோ எதிர்வீடோ மறைத்துவிடும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்த கோளரங்கப் படங்களில் அது நல்ல உயரத்தில் இருக்கும். அதை மட்டும் பார்த்த பிள்ளை நம் ஊரில் தப்பான இடத்தில் தேடும். அதற்குப் பதிலாக, அங்கே பெரும்பாலான ஊர்களில் தெரியாமல் நமக்குத் தெற்கே தெரியும் அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) காட்டலாம். அன்றிரவே பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று இதையெல்லாம் தேடினார்கள். வேட்டைக்காரனின் இடுப்பு மூன்று நட்சத்திரங்களைக் கோடாக நீட்டினால் ஒரு பக்கம் ரோகிணி, மறுபக்கம் சிரியஸ். மறுநாள் நோட்டில் வரைந்து கொண்டுவந்தார்கள்.

கூடாரத்திலும் தொல்லை உண்டு. சாதாரண வகுப்பறைக்குள் அது நிற்காது. உயரமான கூரையுள்ள கூடம் வேண்டும். வெட்டவெளியில் காற்று அடித்தால் ஆபத்து. ஊதும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போனால் துணி மெல்ல இறங்கும். ஆகவே ஜெனரேட்டர் ஏற்பாடு வேண்டும். உள்ளே புழுக்கம் அதிகம், மார்ச் தாண்டினால் வேண்டாம். முப்பது பேருக்கு மேல் அடைக்காதீர்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையை வாசல் பக்கம் உட்கார வையுங்கள்.

மேல்நிலை வகுப்புகளை வைத்து நான் முயன்றதில்லை. அவர்களுக்குச் சென்னைப் பயணமே கூடுதல் பலன் தரலாம். டெல்டா பக்கத்துப் பள்ளிகளுக்குத் திருச்சி விமான நிலையம் அருகிலுள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் பக்கம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது, 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு. ஆனால் மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது, ராத்திரி மலைப்பாதையில் பிள்ளைகளோடு திரும்புவது லேசான வேலையும் இல்லை.

நடமாடும் கோளரங்கத்தை ஏற்பாடு செய்பவர்களிடம் தொகை பேசும் முன்பே ஒன்றைக் கேளுங்கள்: படம் மட்டும் போடுவீர்களா, நேரில் வானத்தைக் காட்டிப் பேசுவீர்களா? டைனோசர் படத்தையும் ரோலர் கோஸ்டர் படத்தையும் ஓட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் சென்னைக்கே பஸ் பிடித்துவிடுங்கள். பேசுகிறவர் கிடைத்தால் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டிய ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லிவையுங்கள். மழை முடிந்து வானம் தெளிந்திருக்கும், முழு ஆண்டுத் தேர்வும் இன்னும் நெருங்கியிருக்காது.