அம்மாவின் கட்டிலருகே கூடிய நான்கு சிஸ்டர்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. வலி தாங்காமல் 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த மருத்துவமனைக்கான இந்த விமர்சனத்தில் கட்டடம், உணவு, மருத்துவர்கள் பற்றி எழுத வரவில்லை. சிஸ்டர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு நாள் இப்படிப் போனது. 8.30க்கு உடம்பு துடைத்து விரிப்பு மாற்ற ஒரு முறை புரட்டுவார்கள். 10 மணிக்குப் படுக்கைப்புண் டிரெஸ்ஸிங்குக்கு மறுபடியும். 11.30க்கு ரேடியேஷனுக்கு (கதிர்வீச்சு சிகிச்சைக்கு) ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, அங்கே மேசைக்கு மாற்றி, திரும்பவும் கட்டிலுக்கு. ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அம்மாவுக்கோ ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வந்தது.

மூன்றாம் நாள் வார்டு சிஸ்டர் ஒருவர் இதைக் கவனித்தார். "0 முதல் 10 வரை, வலி எவ்வளவும்மா?" என்று யார் கேட்டாலும் அம்மா "பரவாயில்ல சிஸ்டர்" என்பார். இவர் அந்தப் பதிலோடு நிற்காமல் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்த விரல்களைப் பார்த்தார். அன்று மதியமே புண் பராமரிப்பு, ரேடியேஷன், வலி நிவாரணம் மூன்று பிரிவு சிஸ்டர்களும் அம்மாவின் கட்டிலருகே வந்து நின்று பேசினார்கள்.

அசைப்பதற்கு முன் கூடுதலாக ஒரு வேளை மார்ஃபின் என்ற வலி மருந்தைத் தர மருத்துவரிடம் எழுதி வாங்கினார்கள். வாய்வழி மார்ஃபின் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். அதனால் 10.15க்கு மருந்து, 11 மணிக்குப் புரட்டல். நான்கு பேர் சேர்ந்து, முதுகு முறுகாமல், மரக்கட்டையைப் போல உடம்பு முழுவதையும் ஒன்றாகத் திருப்பினார்கள். அந்த ஒரே புரட்டலில் துடைப்பது, விரிப்பு, டிரெஸ்ஸிங் மூன்றும் முடிந்தன. பழைய டிரெஸ்ஸிங்கை உப்புநீரில் நன்றாக ஊறவைத்துத்தான் எடுத்தார்கள். அப்புறம் விரிப்போடு அப்படியே ஸ்ட்ரெச்சருக்கு. மேசை காலி என்று ரேடியேஷன் அறையிலிருந்து போன் வந்த பிறகே கிளம்பினார்கள். அதற்கு முன்பு நடைபாதையில் 40 நிமிடம் காத்துக் கிடந்திருக்கிறோம். மற்ற நேரங்களில் முழுதாகப் புரட்டாமல், தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தார்கள். மார்ஃபின் மலச்சிக்கலைத் தரும் என்பதால் மலமிளக்கியையும் அன்றே தொடங்கிவிட்டார்கள்.

நான்காவது ரேடியேஷன் முடிந்து வரும்போது அம்மா ஸ்ட்ரெச்சரிலேயே தூங்கிவிட்டார். நான் நடைபாதையில் நின்று அழுதேன்.

குறையும் உண்டு. ஞாயிறு ஷிப்டுக்கு வந்தவருக்கு இந்த ஏற்பாடு தெரியாமல், மருந்துக்கு முன்பே புரட்டிவிட்டார். அன்று அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் வார்டு சிஸ்டர் நேரங்களைத் தாளில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினார். அதன் பிறகு தவறவில்லை. இரவில் மருந்தகத்திலிருந்து மார்ஃபின் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனதுதான் கடைசி வரை சரியாகவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

யாரையாவது சேர்க்கிறீர்கள் என்றால், எந்த அசைவு அதிகம் வலிக்கிறது என்பதை முதல் நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிட்டோம்.