பாலியஸ்டரா, மெரினோவா? கொடைக்கானல் குளிரில் ஓடுபவரின் கணக்கு

வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் நாயுடுபுரத்திலிருந்து கிளம்பி, ஏரியைச் சுற்றிச் செல்லும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் ஓடிவிட்டு வருவது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கிருந்து சூரிய ஆய்வகம் வரை ஏறி இறங்குவேன். இதற்காகத் திருப்பூரில் வாங்கிய பாலியஸ்டர் முழுக்கைப் பனியன்கள் நான்கும், பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வாங்கிய, மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளியில் செய்த பனியன்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் இரண்டு குளிர்காலம் மாற்றி மாற்றி அணிந்து பார்த்த பிறகு நான் மெரினோவின் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாய்வதற்குக் கதகதப்பும் ஒரு காரணம் என்றாலும், என்னைத் தீர்மானிக்க வைத்தது எங்கள் வீட்டுத் துணிக்கொடி.

பருத்திப் பனியனையும் அதன்மேல் ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் அணிந்து ஏரியைச் சுற்றுபவர்கள் இங்கே ஏராளம். நடப்பவர்களுக்கு அது போதும். ஓடுபவருக்கு ஆகாது, பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உடலோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே பருத்தியை இத்துடன் விட்டுவிடலாம்.

கனமான ஆடை எதுவும் தேவையில்லை என்பதையும் புதிதாக ஓட வருபவர்கள் எளிதில் நம்புவதில்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய அறுபது கிலோகலோரி செலவாகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. எட்டு டிகிரிக் குளிரிலும் ஒரு மெல்லிய முழுக்கைப் பனியன், கையுறை, காதை மூடும் துணி இவ்வளவே போதுமானவை. வாசலில் நிற்கும்போது லேசாக நடுங்கினால் ஆடை சரியாக இருக்கிறது என்று பொருள். காற்று வீசும் நாளில் மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றை நான் கூட எடுத்துக்கொள்கிறேன். உள்ளே எந்தப் பனியன் என்றாலும் இதில் வேறுபாடு இல்லை.

ஏரிச்சாலையின் சமதளத்தில் பாலியஸ்டருக்கும் மெரினோவுக்கும் இடையே நான் பெரிய வித்தியாசத்தை உணர்ந்ததில்லை. பாலியஸ்டர் இழை தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு ஈரத்தைக்கூட உள்வாங்காது என்பதால் வியர்வை துணியின் மேற்பரப்பில் பரவி விரைவாக ஆவியாகிவிடும். கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இந்த வேறுபாடு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரிய வருகிறது. ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறி முடிக்கும்போது முதுகு நனைந்துவிடும். திரும்பி இறங்கும்போது உடல் உழைப்பு குறைந்து காற்று எதிரே வீசுவதால், பாலியஸ்டரில் அந்த வியர்வை ஆவியாகும் வேகமே உடலின் சூட்டைப் பறித்துவிடுகிறது. மெரினோவில் அந்தச் சிலிர்ப்பு மிகக் குறைவாக இருக்கிறது. ஆனாலும் கொட்டும் மழையில் இரண்டுமே உதவாது என்பதையும், முழுக்க நனைந்த மெரினோ பனியன் தொங்கிக் கனக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனிக் கொடிக்கு வருகிறேன். கொடைக்கானலில் குளிர் இரண்டு விதமாக வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு வரும் குளிரில் மேகம் தெருவுக்கே இறங்கிவிடும். வெயிலைப் பார்த்து நான்கைந்து நாளாகிவிட்டது என்று பேசிக்கொள்வோம். மார்கழி, தையில் வானம் தெளிந்து, ஜிம்கானா புல்வெளியிலும் கீழ்பூமியிலும் உறைபனி வெள்ளையாகப் படியும். வெப்பமானியைப் பார்த்தால் இரண்டாவதே கடுங்குளிர் என்றாலும், அந்த நாள்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் பளீரென்று அடிப்பதால் எந்தத் துணியைப் போட்டாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். எனவே உறைபனி மாதங்களை மட்டும் நினைத்து ஆடை வாங்குபவருக்குப் பாலியஸ்டரில் ஒரு குறையும் தெரியாது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில்தான் ஒருவருடைய தேர்வு சரியா தவறா என்பது வெளிப்படும்.

அந்த மாதங்களில் வெளிக்கொடியை நம்ப முடியாது என்பதால் அடுப்படியின் ஓரத்தில் கட்டியிருக்கும் கயிற்றில்தான் துணி தொங்கும். துவைத்துப் பிழிந்த பாலியஸ்டர் பனியனை மாலையில் அங்கே போட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். மெரினோவுக்கு அதே இடத்தில் ஒன்றரை நாளாவது ஆகிறது. இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் பாலியஸ்டரே வெல்லும், நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒரு துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதோடு முடிவதில்லை. அதை எத்தனை முறை துவைத்துக் காயவைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாலியஸ்டர் தண்ணீரைத்தான் ஒதுக்குமே தவிர, தோலிலிருந்து வரும் எண்ணெயை இழையோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அந்த எண்ணெயில் நுண்ணுயிர்கள் பெருகுவதால், ஒரே ஓட்டத்தில் துணி நாறத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் துவைத்தே ஆக வேண்டும். ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த துணியில் பழைய வாடை எஞ்சியிருக்கும். அடுத்த ஓட்டத்தில் உடல் சூடானதும் அது மறுபடியும் எழும். அடுப்பங்கரையில் தொங்குவதால் விறகுப் புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். மணமாக இருக்கட்டும் என்று துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்துப் பார்த்தேன். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, வியர்வையைப் பரப்பும் தன்மையையே கெடுத்துவிட்டது. அந்தக் கார்த்திகையில் நான்கு பனியன்களில் குறைந்தது இரண்டு எப்போதும் கயிற்றில் இருந்தன. வீட்டில் மற்றவர்களுடைய துணிக்கு இடமில்லை என்ற வழக்கு அநேகமாகத் தினமும் நடந்தது.

மெரினோ பனியனையோ ஓடி வந்ததும் கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டிவிடுகிறேன். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் எடுத்தால், ஈரமும் நாற்றமும் பெரும்பாலும் போயிருக்கும். நான்கு, ஐந்து ஓட்டங்களுக்கு ஒருமுறை துவைத்தால் போதுமாக இருக்கிறது. அப்படியானால் ஒன்றரை நாள் காய்வது பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. அந்த இடைவெளியில் இரண்டாவது பனியன் கைகொடுக்கிறது. வெயிலை எதிர்பாராமல் ஓட்டத்தைத் தொடர முடிவதே எனக்கு இதில் கிடைத்த பெரிய வசதி. வியர்வை மிகுதியாக வருபவர்களுக்கும் கோடையில் ஓடுபவர்களுக்கும் இந்த ஐந்து என்ற எண் குறையக்கூடும். என் உடலை வைத்து மட்டுமே நான் சொல்கிறேன்.

துவைக்கும் முறையில் மட்டும் மெரினோ கொஞ்சம் கௌரவம் எதிர்பார்க்கும். கம்பளி என்பது முடியைப் போலப் புரதம். புரதக் கறையைக் கரைப்பதற்கான நொதி கலந்த சலவைத்தூள் கறையையும் இழையையும் பிரித்துப் பார்க்காது. வெந்நீரும் முரட்டுத்தனமான அலசலும் சேர்ந்தால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் மிதமான சோப்புத் திரவம் விட்டு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். பத்து நாளைக்கு ஒரு முறை என்பதால் இது சுமையாகத் தெரியவில்லை.

ஸ்வெட்டர் போலக் குத்துமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் வாங்கியது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையில், 18.5 மைக்ரான் தடிமனுள்ள இழையில் பின்னியது. தலைமுடி அதைப் போல மூன்று நான்கு மடங்கு தடிமன் என்பதால் குத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இங்கிருந்து மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போனவர்கள் அங்கே பாரத் மெரினோ ஆடுகளைப் பார்த்திருப்பார்கள். என் பனியனின் கம்பளி என்னவோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்றுதான் அதன் சீட்டு சொல்கிறது. பக்கத்து மலையில் மெரினோ மேய்ந்துகொண்டிருக்கும்போது இது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

மெரினோவின் பலவீனங்கள் இரண்டு. முதலாவது விலை: நான்கு பாலியஸ்டர் பனியன்களுக்கு நான் கொடுத்த பணத்தில் ஒரு மெரினோவின் பாதியைத்தான் வாங்கியிருக்க முடியும். இரண்டாவது தேய்மானம். இடுப்பில் கட்டும் பை உரசும் இடத்தில் முதல் பனியனில் இரண்டு சிறு ஓட்டைகள் விழுந்துவிட்டன. பாலியஸ்டர் நான்கும் மூன்றாண்டு கழித்தும் ஓர் இழை பிரியாமல் இருக்கின்றன. கோடையில் பெட்டியில் வைக்கும்போது அந்துப்பூச்சியின் புழு அரித்துவிடும் அபாயமும் உண்டு; அந்துருண்டைக்கு அந்தப் பெயர் வந்ததே இதற்காகத்தான். நான் நன்றாகத் துவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பதால் இதுவரை தப்பித்திருக்கிறேன். இரண்டு குளிர்கால அனுபவத்தை வைத்துக்கொண்டு இது ஐந்தாண்டு உழைக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் ஓடிவிட்டு இறங்குபவர்களும், தை மாதத்து வெயில் நாள்களில் மட்டும் ஓடுபவர்களும் மெரினோவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. திருப்பூர்ச் சரக்கே அவர்களுக்குத் தாராளம். ஆண்டு முழுவதும் இங்கே இருந்து, மழை மேகத்திலும் ஓட்டத்தை விடாதவர்கள் ஒரே ஒரு மெரினோவை வாங்கி, ஏற்கெனவே இருக்கும் பாலியஸ்டரோடு மாற்றி அணிந்து பார்ப்பதே நல்லது. என் அடுத்த பனியன் நைலான் கலந்த மெரினோவாக இருக்கும். கலப்பு இழை உரசலைத் தாங்கும் என்கிறார்கள். அதை இடுப்புப் பையோடு ஐப்பசி முதல் ஓடிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.