வட்டம் முட்டையாகத் தெரிந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்

திருமங்கலத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். காதணி விழா, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று பத்திரிகை வேலைதான் அதிகம். பல வருஷமாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்தான். படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், இந்த இரண்டு சாஃப்ட்வேரும் என் வேலைக்குத் தாராளமாகப் போதும். அடிக்கடி மல்லுக்கு நின்ற ஒரே விஷயம் மானிட்டர் ரெசல்யூஷன்.

மானிட்டர் 1920x1080. ஆனால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1024x768க்கு மேல் எதுவும் இருக்காது. 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்துப் பரப்பினால் எல்லாமே பக்கவாட்டில் ஊதிவிடும். பத்திரிகையில் குழந்தை போட்டோ வைக்கிற வட்டம் முட்டையாகிவிட்டது. புரூஃப் பார்க்க வந்த தாய்மாமன், "என்னண்ணே, புள்ள மூஞ்சி இம்புட்டு அகலமா இருக்கு?" என்றார். பிரிண்டில் சரியாகத்தான் வரும். ஆனால் காசு கொடுக்கிறவர் கண்ணுக்கு ஸ்கிரீனில் தெரிவதுதானே கணக்கு?

தன்னால் என்னென்ன ரெசல்யூஷன் காட்ட முடியும் என்பதை மானிட்டர் ஈடிஐடி என்ற தகவலாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். பதினைந்து பின் கொண்ட பழைய மாடல் மானிட்டர் கேபிளான விஜிஏவில் அது 12, 15ஆம் பின்கள் வழியாகப் போகிறது. மட்டமான கேபிள்களில் இந்த இரண்டுக்கும் உள்ளே வயரே இருக்காது. மானிட்டரின் தகவல் கிடைக்காததால் கம்ப்யூட்டர் 1024x768ஓடு நின்றுவிடும். படம் வரும், கலரும் சுத்தமாக இருக்கும், அதனால் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பழி லினக்ஸ் மேல் விழும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிஸ் (/sys) ஃபோல்டருக்குள் கிளாஸ் (class), அதற்குள் டிஆர்எம் (drm). அங்கே ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஃபோல்டர் இருக்கும். மானிட்டர் மாட்டிய போர்ட்டின் ஈடிஐடி (edid) ஃபைலை, கமாண்ட் டைப் செய்யும் டெர்மினலில் கேட் (cat) கமாண்ட் கொடுத்துத் திறந்தால் கொஞ்சம் கிறுக்கல் எழுத்தாவது வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் தகவல் வந்து சேரவில்லை. ஃபைல் சைஸை நம்பாதீர்கள், அது எப்போதும் 0 என்றுதான் காட்டும்.

அவசரத்துக்கு சிவிடி (cvt) கமாண்டில் 1920 1080 60 கொடுத்து, வருகிற மோட்லைன் என்ற திரை அளவு வரியை, டிஸ்ப்ளேயை மாற்றும் எக்ஸ்ராண்டர் (xrandr) கமாண்டில் நியூமோட் (--newmode), ஆட்மோட் (--addmode) போட்டுச் சேர்த்து, அந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தால் திரை சரியாகிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும் என்பதால் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்புரொஃபைல் (.xprofile) ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். திரையைக் காட்ட வேலண்ட் என்ற புது முறையில் ஓடும் உபுண்டு லினக்ஸில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சிஸ்டத்தைப் பூட் செய்யும் கிரப்பின் செட்டிங்ஸ் ஃபைலில் (/etc/default/grub) வீடியோ (video=) என்ற கர்னல் ஆப்ஷனைக் கொடுத்து அப்டேட் கிரப் (update-grub) கமாண்டை ஓட்ட வேண்டும். அதே ஃபைலில் நோமோட்செட் (nomodeset) என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது கருப்புத் திரையைத் தாண்டப் போட்டதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது இருக்கும்வரை நல்ல கேபிள் மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

ஆனாலும் என் அனுபவத்தில் கேபிளை மாற்றுவதுதான் நிலைத்த வைத்தியம். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்கப் போனால் கையில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கீழ் வரிசையில் 11 முதல் 15 வரை உள்ள பின்களில் இரண்டாவதான 12ம் கடைசியான 15ம், ஒரு முனையிலிருந்து மறு முனையில் உள்ள அதே பின்னுக்கு மல்டிமீட்டரில் பீப் அடிக்க வேண்டும். நடு வரிசையில் 9ஆம் பின் இல்லாமல் இருப்பது சகஜம், அதற்காக நல்ல கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.