வடநெம்மேலி முதலைப் பண்ணை, கண்டிப்பா போங்க

சென்னையில இருந்து ஈசிஆர்ல மகாபலிபுரம் போற வழியில இருக்கு, போன ஞாயிறு பசங்கள கூட்டிட்டு போனேன். வெறும் மிருகக்காட்சி சாலைன்னு நெனச்சு போகாதீங்க, 1976ல பாம்பு, முதலை ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சதே நம்ம நாட்டு முதலைங்க அழிஞ்சிடக் கூடாதுன்னுதான், சதுப்பு முதலை, உப்புத்தண்ணி முதலை, நீள மூக்கோட கரியல்னு மூணு வகையும் பக்கத்துல நின்னு பாக்கலாம். உள்ளயே பாம்பு பிடிக்கற இருளர் பழங்குடி மக்களோட கூட்டுறவு சங்கம் பாம்பு விஷம் எடுக்கறத காட்டுறாங்க, பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள், எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு. மணல்ல நடக்கணும், தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க. முதலை வாய தொறந்துட்டு அசையாம கெடந்தா அது சூட்ட தணிக்குது, செத்துடுச்சான்னு கல்லு மட்டும் எறியாதீங்க ப்ளீஸ், ரெண்டு பேர் எறிஞ்சத பாத்து வயிறு எரிஞ்சுது.